வெண்கல மனித உருவ வார்ப்பு: அறிகுறியைப் பார்த்துப் பிழையைக் கண்டறியும் வழிமுறை

மெழுகில் உருவம் செய்து, அதைச் சுற்றி அச்செடுத்து, மெழுகை உருக்கி எரித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருகிய வெண்கலத்தை ஊற்றும் முறையைப் பற்றியது இது. அச்சை உடைத்து உருவம் வெளியே வந்ததும் கை ரம்பத்தைத் தேடும். உலோகம் உள்ளே போன வழிகளில் உறைந்து நிற்கும் ஊற்றுக்குழல்களை அறுத்தெறிந்துவிட்டு உருவத்தை நிமிர்த்தி வைத்துப் பார்க்கவேண்டும் என்ற தவிப்பு இயல்பானதுதான். ஆனாலும் அறுக்காதீர்கள். உலோகம் ஊற்றப்பட்டபோது உருவம் எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் குழல்களோடு வைத்து, நாலாபுறமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிழை மேற்புறத்தில் இருக்கிறதா, அடிப்புறத்திலா, ஊற்றுக்குழல் சேரும் இடத்திலா, அதற்கு எட்டாத தொலைவிலா என்ற நான்கு கேள்விகளுக்கு விடை கிடைத்தாலே காரணத்தில் பாதி தெரிந்துவிடும். குழல்களை அறுத்தபின் அந்தத் தடயம் போய்விடுகிறது.

வெப்பத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் பிழையைக் கண்டாலும் "உலோகம் போதுமான சூட்டில் இல்லை" என்று முடிவுகட்டி, அடுத்த முறை 50 டிகிரி கூட்டி ஊற்றுவது பலரிடம் இருக்கும் பழக்கம். சூடு கூடினால் உலோகம் அதிக வாயுவை உறிஞ்சுகிறது, உறையும்போது அதிகம் சுருங்குகிறது, அச்சின் மேற்பரப்பை அரிக்கிறது. ஒரு பிழையைத் தீர்க்கப் போய் மூன்றை வரவழைத்துக்கொள்கிறோம். மனித உருவ வார்ப்பின் பிழைகளில் பெரும்பாலானவை மெழுகு நிலையிலேயே முடிவாகிவிடுகின்றன என்பது என் உறுதியான கருத்து. அதனால் ஊற்றும் வெப்பநிலையைக் கடைசியாகத்தான் தொடவேண்டும்.

சோதனை முயற்சி செய்பவர் இரண்டு பழக்கங்களை விடக்கூடாது. ஒரு முறைக்கு ஒரே ஒரு மாற்றம்தான் செய்யவேண்டும். ஒவ்வொரு முறையும் கலவை, உலோகத்தின் வெப்பநிலை, அச்சின் வெப்பநிலை, உலையிலிருந்து அச்சை எடுத்து ஊற்றி முடிக்கும்வரை ஆன நேரம், குழல்களோடு சேர்த்து மெழுகின் எடை ஆகியவற்றைக் குறித்துவைக்கவேண்டும். மெழுகின் எடையைப் பத்தால் பெருக்கினால், சிறிது மிச்சத்தோடு, உருக்கவேண்டிய வெண்கலத்தின் எடை கிடைக்கும். உலோகம் குறைந்துபோய் உருவம் பாதியில் நின்றால் அதற்கு வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

இனி அறிகுறிகள்.

விரல் நுனி, மூக்கு, காது மடல் வரவில்லை

உலோகம் நின்றுபோன விளிம்பைத் தடவிப் பாருங்கள். விளிம்பு மழுங்கி வழுவழுப்பாக இருந்தால் உலோகம் போகும் வழியிலேயே உறைந்திருக்கிறது, அல்லது எதிரே அடைபட்ட காற்று தடுத்திருக்கிறது. விளிம்பு ஒழுங்கற்று, கருப்புப் படிவோடு இருந்தால் மெழுகு முழுவதும் எரியவில்லை. மிஞ்சிய கரி வழியை அடைத்திருக்கிறது.

உறைந்ததா, காற்று தடுத்ததா என்பதை எப்படிப் பிரிப்பது? ஊற்றிய நிலையில் அந்த விரல் மேல்நோக்கி நின்று, அதன் நுனியில் காற்றுக்குழல் இல்லையென்றால் காற்றைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும். கீழ்நோக்கித் தொங்கிய விரல் வரவில்லையென்றால், அதிலும் அது ஊற்றுவாயிலிருந்து வெகு தொலைவில் இருந்தால், உறைவுதான் காரணம்.

காற்றுக்குத் தீர்வு எளிது. ஒவ்வொரு விரல் நுனியிலும் மெல்லிய மெழுகுக் குச்சி ஒன்றை வைத்து மேலே இழுத்துவிடுங்கள். நுனியில் வைக்கவேண்டும், நகத்துக்குச் சற்றுக் கீழே வைத்தால் நகம் வராது. விரல்களுக்கிடையே குறுக்காகச் சிறு மெழுகுப் பாலங்களையும் போடலாம். ஒரு விரலில் நுழைந்த உலோகம் அடுத்த விரலுக்கும் போக வழி கிடைக்கும், வார்த்தபின் அறுத்துவிடலாம்.

உறைவு என்றால் முதலில் மெழுகின் தடிமனை அளந்து பாருங்கள். 3 மில்லிமீட்டருக்குக் குறைவான சுவர் நீண்ட தூரத்துக்கு நிறைவது கடினம். ஆளுயர உருவங்களுக்கு 4 முதல் 6 மில்லிமீட்டர் வரை வைத்துக்கொள்வது நல்லது. அடுத்தது அச்சின் சூடு. செராமிக் ஓட்டு அச்சை (மெழுகின்மேல் செராமிக் கூழைப் பல அடுக்காகப் பூசிச் சுட்ட மெல்லிய அச்சு) உலையிலிருந்து எடுத்து, ஊற்றுமிடம்வரை தூக்கிச் சென்று, நிறுத்தி, உலோகம் உருக்கும் பாத்திரமான மூசையைக் கொண்டுவருவதற்குள் மெல்லிய ஓடு விரைவாக ஆறிவிடும். அந்த நேரத்தைக் குறையுங்கள். விரல், காது போன்ற பகுதிகளை மட்டும் வெளிப்புறம் செராமிக் கம்பளியால் சுற்றிவிடுங்கள். உலோகத்தைச் சுடவைப்பதைவிட இது நூறு மடங்கு பாதுகாப்பான வழி.

இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் 16ஆம் நூற்றாண்டுச் சிற்பி செல்லினி வார்த்த, கிரேக்கப் புராண வீரன் பெர்சியஸின் சிலையின் வரலாறு இந்த இடத்தில் பயன்படும். 1554இல் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட அந்தச் சிலையை வார்க்கும்போது உலையிலேயே உலோகம் கட்டிதட்டிப் போனது. வீட்டிலிருந்த வெள்ளீயக் கலவைத் தட்டுகளை எல்லாம் அவர் உலைக்குள் போட்டார் என்பது அவரே சொல்லியிருப்பது. ஈயமல்ல, வெள்ளீயம். அது உருகுநிலையைத் தாழ்த்தி ஓட்டத்தைக் கூட்டும், ஆகவே அந்த முடிவு உலோகவியல்படி சரியானது. வலது பாதம் நிறையாது என்று அவர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். கடைசியில் அந்தப் பாதத்தில் விரல்களும் அவற்றையொட்டிய சிறு பகுதியும் மட்டுமே வரவில்லை. ஊற்றுவாயிலிருந்து தொலைவில் இருக்கும் கடைக்கோடியைப் பற்றி முன்கூட்டியே கவலைப்படவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இடுப்பிலோ கழுத்திலோ மடிப்பு போன்ற கோடு

விரிசல் போலத் தெரியும், ஆனால் ஓரங்கள் உருண்டிருக்கும். இரண்டு திசைகளிலிருந்து வந்த உலோகம் சந்தித்தபோது ஒன்றோடொன்று உருகிச் சேரவில்லை என்பதே இதன் பொருள். இரண்டு குழல்களுக்கு நடுவில், சம தூரத்தில் இந்தக் கோடு விழுந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். ஊற்றும்போது கை ஒரு கணம் தயங்கியிருந்தாலும் இப்படி நேரும், அப்போது கோடு ஒரே மட்டத்தில் உடலைச் சுற்றி ஓடும்.

முதல் வகைக்குக் குழல்களின் இடத்தை மாற்றி, சந்திப்பு முகத்திலோ கழுத்திலோ விழாமல் தலைமுடி, ஆடை மடிப்பு போன்ற தடித்த இடத்துக்குத் தள்ளுங்கள். இரண்டாவதற்கு ஊற்றுவாயைப் பெரிதாக்குங்கள். வாய் எப்போதும் நிரம்பியே இருக்கும்படி, தாரை அறாமல் ஊற்றவேண்டும்.

துளைகள்

இந்தப் பகுதியில்தான் அதிகக் குழப்பம் நடக்கிறது. பார்ப்பதற்கு எல்லாம் துளைதான். காரணங்களோ ஒன்றுக்கொன்று எதிரானவை. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றை மோசமாக்கும்.

துளையை அறுத்து, உள்சுவரை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். உருண்டையாக, வழுவழுப்பாக, பளபளப்பாக இருந்தால் அது வாயு. கோணல்மாணலாக, சொரசொரப்பாக, ஊசி ஊசியான நுண்கிளைகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது சுருக்கம். கடைசியாக உறைந்த இடத்துக்கு உலோகம் வந்து சேராததால் ஏற்பட்ட வெறுமை அது.

வாயு என்றால் அது உலோகத்திலிருந்து வந்ததா, அச்சிலிருந்து வந்ததா என்பது அடுத்த கேள்வி. துளைகள் குறுக்குவெட்டு முழுவதும் பரவியிருந்தால் உலோகம்தான். மேற்பரப்பை ஒட்டி, ஊற்றிய நிலையில் மேற்புறமாகவே குவிந்திருந்தால் அச்சில் ஈரமோ எரியாத மெழுகோ இருந்திருக்கிறது. உலோகத்தைச் சோதிக்கப் பழைய முறை ஒன்று இருக்கிறது. ஊற்றுவதற்கு முன் சிறிதளவு உலோகத்தை, நன்றாகச் சூடாக்கிய உலர்ந்த இரும்புக் கிண்ணத்தில் ஊற்றி உறையவிடுங்கள். நடுப்பகுதி குழிந்தால் உலோகம் நல்ல நிலையில் இருக்கிறது. பொங்கி மேலெழுந்தால் உள்ளே வாயு கரைந்திருக்கிறது, அதை ஊற்றாதீர்கள்.

கரைந்திருப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன். அது ஈரத்திலிருந்து வருகிறது. ஈரமான மூசை, வியர்த்த கையால் தொட்டுக் குளிர்ந்த தரையில் வைத்த உலோகத் துண்டுகள், கிளறும் கம்பியில் ஒட்டிய ஈரம், புகைந்து எரியும் சுடர் எல்லாம் இதற்கு வழி செய்யும். துண்டுகளை உலையின் விளிம்பில் வைத்துச் சூடாக்கியபின் போடுங்கள். சுடரில் காற்று சற்றுக் கூடுதலாகவே இருக்கட்டும். உருகியபின் "இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும்" என்று மூசையை உலையில் நிறுத்திவைக்காதீர்கள். வேண்டிய வெப்பநிலை வந்ததும் எடுத்துவிடவேண்டும்.

வெள்ளீய வெண்கலத்தில், அதாவது செம்பு 90, வெள்ளீயம் 10 என்ற அளவிலான கலவையில், கடைசியில் சிறிதளவு பாஸ்பரஸ் செம்பு சேர்த்து ஆக்சிஜனை நீக்கலாம். சிலிக்கான் வெண்கலத்துக்கு அது தேவையில்லை. செம்பு சுமார் 95, சிலிக்கான் 4, மாங்கனீசு 1 என்ற அந்தக் கலவையில் சிலிக்கானே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. இரண்டின் மிச்சத் துண்டுகளையும் ஒரே மூசையில் கலக்கவேண்டாம். வெள்ளீய வெண்கல வார்ப்பின் தோலில் வெளிர்நிறச் சிறுமணிகள் வியர்த்தது போல நிற்பதைக் கண்டால் அதுவும் ஹைட்ரஜனின் வேலைதான். உள்ளே வாயு அழுத்த, கடைசியாக உறையும் வெள்ளீயம் மிகுந்த திரவம் வெளியே பிதுங்கியிருக்கிறது.

சுருக்கத் துளைக்கு வருவோம். மனித உடலில் அது வரும் இடங்களை முன்பே சொல்லிவிடலாம்: அக்குள், தொடையிடுக்கு, கழுத்தும் தோளும் சேருமிடம், திடமாக விட்டுவிட்ட தலை, குழல் உடலைத் தொடும் இடம். இவை எல்லாம் சுற்றிலும் உலோகம் இருப்பதால் கடைசியாக உறையும் இடங்கள். தடித்த தொடையை மெல்லிய முழங்கால் வழியாக ஊட்டமுடியாது, முழங்கால் முதலில் உறைந்து வழியை மூடிவிடும். எனவே தடித்த இடத்துக்கு நேராகக் குழலை வையுங்கள். அந்தக் குழல் அது ஊட்டும் பகுதியைவிடத் தடிமனாக இருக்கவேண்டும், அப்போதுதான் கடைசிவரை திரவமாக இருந்து உலோகத்தைத் தரும். குழல் சேரும் இடத்திலேயே குழி விழுந்திருந்தால் குழல் மெலிதாக இருந்தது என்று பொருள். குழல் உடலிலிருந்து ஊட்டம் வாங்கியிருக்கிறது, தரவேண்டியது எடுத்துக்கொண்டது.

அதைவிட நல்ல தீர்வு தடித்த இடமே இல்லாமல் செய்வது. உள்ளங்கையைவிடப் பெரிய எந்தப் பகுதியையும் திடமாக விடாதீர்கள், உட்கரு வைத்து, அதாவது உலோகம் நிறையாதபடி உள்ளே அச்சுப் பொருளை நிரப்பி, குழிவாக்குங்கள். இந்தப் பிழைக்குச் சூட்டைக் கூட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும். சிலிக்கான் வெண்கலம் சுமார் 1,025 டிகிரி செல்சியஸில் முழுவதும் உருகிவிடும். 1,100 முதல் 1,175 வரையிலான வழக்கமான எல்லைக்குள், தடித்த உருவத்துக்குக் கீழ்ப்பகுதியையும் மெல்லிய உருவத்துக்கு மேற்பகுதியையும் தேர்ந்தெடுங்கள்.

கணுக்காலில், மணிக்கட்டில் விரிசல்

விரிசலின் உள்முகத்தின் நிறத்தைப் பாருங்கள். கருத்து, ஆக்சைடு படிந்து, கோணலாக இருந்தால் உலோகம் உறைந்துகொண்டிருந்தபோதே கிழிந்திருக்கிறது. புதிய உலோக நிறமாக இருந்தால் ஆறியபின், உடைத்தெடுக்கும்போதோ அடித்து நிமிர்த்தும்போதோ வந்தது.

முதல் வகை சோதனைக் கலைஞர்களை அதிகம் படுத்துகிறது. வெண்கலம் நீளவாட்டில் சுமார் 1.5 முதல் 2 விழுக்காடு சுருங்கும். 170 சென்டிமீட்டர் உருவம் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்றரை சென்டிமீட்டர்வரை குறுகும். இடுப்பில் கை ஊன்றி நிற்கும் உருவம், முழங்காலைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் உருவம், கைகோத்து நிற்கும் இருவர் ஆகியோரை எண்ணிப் பாருங்கள். இவற்றில் எல்லாம் உலோகம் ஒரு வளையமாக மூடிக்கொள்கிறது. நடுவில் இருக்கும் அச்சுப் பொருள் சுருங்க மறுக்கும்போது வளையத்தின் மெல்லிய இடம் கிழிகிறது. கணுக்காலும் பீடமும் ஒன்றாக வார்க்கப்பட்டால் அங்கேயும் இதே கதை.

கூர்மையான உள்மூலைகளை மெழுகால் நிரப்பி வளைவாக்குங்கள். உட்கருவை மிகக் கடினமாகச் செய்யாதீர்கள், உலோகம் அழுத்தும்போது சற்று நொறுங்கி இடம் கொடுக்கவேண்டும். ஆனால் உண்மையான விடை, உருவத்தைப் பிரித்து வார்ப்பதுதான். முழு உருவத்தையும் ஒரே வார்ப்பில் எடுப்பதுதான் திறமை என்று நினைப்பவர்கள் இத்தாலியில் ரியாச்சே ஊரை ஒட்டிய கடலில் 1972இல் கிடைத்த இரண்டு கிரேக்க வீரர் சிலைகளை நினைத்துக்கொள்ளவேண்டும். கிறிஸ்துவுக்கு முன் 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. தலையும் கைகளும் தனித்தனியாக வார்த்துச் சேர்க்கப்பட்டவை. உதடுகள் செம்பில் செய்து பொருத்தப்பட்டவை. மனித உடலை வெண்கலத்தில் வடித்ததில் அவற்றை மிஞ்சியவை மிகச் சில.

சுவர் ஒருபுறம் மெலிந்து, மறுபுறம் தடித்து, நடுவே ஓட்டை

உட்கரு நகர்ந்துவிட்டது. எந்தத் திசையில் நகர்ந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் மேல்நோக்கித்தான் நகர்ந்திருக்கும். கரு தன் எடையால் கீழே உட்காரும் என்று எண்ணி அடியில் மட்டும் ஆணி வைப்பது பெரிய பிழை. உருகிய வெண்கலத்தில் கரு மிதக்கும். 10 லிட்டர் அளவுள்ள மார்புக் கரு முழுவதும் உலோகத்தால் சூழப்பட்டால், கருவின் எடையைக் கழித்த பிறகும் ஏறக்குறைய 70 கிலோ எடைக்குச் சமமான விசை அதை மேலே தள்ளும். ஆகவே மேற்புறத்திலும் பக்கங்களிலும் ஆணிகள் வேண்டும், அவை அச்சின் வெளிச்சுவரில் ஆழமாகப் பதிந்திருக்கவேண்டும். துருப்பிடிக்காத எஃகு ஆணிகளையே பயன்படுத்துங்கள். சாதாரண இரும்பு ஆணியின் மிச்சம் உள்ளே தங்கினால், நிறமேற்றிய பிறகு துருவின் கறை தோலில் இறங்கும்.

தோலில் மணிகள், தகடுகள், சொரசொரப்பு

இவை சில்லறைப் பிழைகள். வெளியே துருத்திய சிறு உருண்டைகள் என்றால் முதல் பூச்சில் காற்றுக்குமிழ்கள் மெழுகில் ஒட்டியிருந்தன. மெழுகின் எண்ணெய்ப்பசையைத் துடைத்து, முதல் பூச்சைத் தூரிகையால் இடுக்குகளில் தேய்த்தால் போய்விடும். மெல்லிய தகடுகள் நீட்டிக்கொண்டிருந்தால் அச்சு வெடித்திருக்கிறது. செராமிக் ஓட்டில் மெழுகு மெதுவாகச் சூடானால் அது உருகி ஓடுவதற்குள் விரிந்து ஓட்டு அச்சைப் பிளக்கும். ஓட்டு அச்சை ஏற்கெனவே கொதிக்கும் உலைக்குள் சட்டென்று வைக்கவேண்டும். பிளாஸ்டர் அச்சில் நேர்மாறு, மெதுவாக ஏற்றவேண்டும். 573 டிகிரியில் அதிலுள்ள சிலிக்கா மணல் திடீரென்று விரிவடையும், அந்த இடத்தை அவசரப்படாமல் கடக்கவேண்டும். 700ஐத் தாண்டிச் சூடேற்றினால் பிளாஸ்டர் சிதைந்து கந்தக வாயுவை விடத் தொடங்கும், வெண்கலத்தின் தோல் கருத்துப் புள்ளியிட்டு வரும். தோல் முழுவதும் மணல்தாள் போல இருந்தால், இப்போது ஊற்றும் வெப்பத்தைச் சந்தேகிக்கலாம். குறைத்துப் பாருங்கள்.

துணி, கயிறு, இலை வைத்து எரித்த இடம் பொத்தலாக வந்தது

மெழுகு உருவத்தின்மேல் உண்மையான துணியைப் போர்த்தி, கூந்தலுக்குக் கயிற்றுநார் வைத்து, அப்படியே அச்செடுத்து எரிப்பது அழகான சோதனை. பொத்தலுக்குக் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். துணி உலோகம் ஓட முடியாத அளவு மெலிதாக இருந்திருக்கிறது, அல்லது சாம்பல் உள்ளே தங்கிவிட்டது. துணியை உருகிய மெழுகில் முக்கி, பின்புறம் மேலும் மெழுகு பூசித் தடிமனை ஏற்றுங்கள். மெழுகு சாம்பலின்றி எரியும், தாவரப் பொருள் அப்படியல்ல. செராமிக் ஓடாக இருந்தால் எரித்தபின் ஆறவிட்டு, ஊதியும் தண்ணீரால் அலசியும் சாம்பலை வெளியேற்றி, மறுபடி முழுமையாக உலர்த்திச் சுடலாம். பிளாஸ்டர் அச்சுக்கு இந்த மறுவாய்ப்பு கிடையாது, அதனால் இவ்வகைச் சோதனைக்கு ஓட்டு முறையையே சொல்வேன். பிளாஸ்டிக் இழை கலந்த துணியை எரிக்கவேண்டாம், அதன் புகை நஞ்சு.

அலசிய ஓட்டில் ஈரம் மிஞ்சியிருந்தால் துளை விழுவது மட்டுமல்ல, நீராவி வெடித்து உலோகம் சிதறும். அச்சிலிருந்து ஆவியோ மெழுகு வாசனையோ வந்தால், மூசை தயாராக இருந்தாலும் ஊற்றாதீர்கள். மூசையிலிருந்து வெண்புகை எழுந்தால் துத்தநாகம் எரிகிறது. அந்த உலோகம் நீங்கள் நினைத்த கலவை அல்ல, அந்தப் புகை காய்ச்சலைத் தரும்.

எல்லாம் சரியாக வந்தது, உருவம் மட்டும் உயிரற்றிருக்கிறது

இதையும் பிழையாகவே எடுத்துக்கொள்கிறேன். ஆளின் உடலிலிருந்து நேராக அச்செடுத்து வார்த்தவர்களுக்கு இது அடிக்கடி நேரும். தோல் துளைகள்வரை பதிந்திருக்கும், ஆனால் முகம் தூங்குகிறதா இறந்ததா என்று தெரியாது. இதற்குப் பருப்பொருள் காரணங்கள் உண்டு. அச்சுப்பொருளின் எடை கன்னத்தையும் மார்பையும் அழுத்தித் தட்டையாக்குகிறது. அசையாமல் இருக்கும் முயற்சியில் தாடையும் கழுத்தும் இறுகுகின்றன. கண் மூடியிருக்கிறது. அதற்குமேல் மெழுகும் வெண்கலமும் சுருங்கியதால், ஆள் தன் அளவைவிடச் சிறுத்துவிடுகிறார்.

1877இல் பிரெஞ்சுச் சிற்பி ரோடின் 'வெண்கலக் காலம்' என்ற ஆண் உருவத்தைக் காட்சிக்கு வைத்தபோது, அதை ஆள் மீதே அச்செடுத்துவிட்டார் என்று குற்றம் சாட்டினார்கள். அதற்கு அடுத்த பெரிய உருவமான திருமுழுக்கு யோவானை அவர் ஆளைவிடப் பெரிதாகச் செய்தார், அச்செடுத்தது என்று யாரும் சொல்லமுடியாதபடி. ஒளி எப்படி விழவேண்டும் என்று தீர்மானித்து மேடு பள்ளங்களைக் கையால் கூட்டிக் குறைத்த பரப்பு அவருடையது. தோலின் நகலில் அந்தத் தீர்மானம் இருக்காது.

ஆகவே திருத்தம் மெழுகில் நடக்கவேண்டும். உடலச்சிலிருந்து எடுத்த மெழுகை முடிந்த வேலையாகக் கருதாமல் தொடக்கமாகக் கருதுங்கள். இமையைத் திறந்து செதுக்குங்கள், உதட்டு விளிம்பைக் கூர்மையாக்குங்கள், அமுங்கிய கன்னத்தில் மெழுகு ஏற்றுங்கள், பயனற்ற தோல் சுருக்கங்களைத் தேய்த்து அழியுங்கள். வெண்கலம் பளபளப்பதால் மெழுகில் தெரியும் மேடு வெண்கலத்தில் மழுங்கித் தெரியும். சற்று மிகைப்படுத்தியே செதுக்கவேண்டும்.

நிறமேற்றியபின் தெரியும் ஒட்டுக்கோடும் பச்சைத் தூளும்

பற்றவைத்த கோடு நிறமேற்றியதும் வேறு நிறத்தில் எழுந்து நிற்கிறதா? பற்றவைக்கப் பயன்படுத்திய கம்பியின் கலவை உருவத்தின் கலவையிலிருந்து வேறுபடுகிறது. ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் மிஞ்சும் உலோகத்தில் சில மெல்லிய கம்பிகளை வார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த உருவத்தை அந்த உலோகத்தாலேயே ஒட்டலாம்.

சில வாரங்கள் கழித்து அங்கங்கே வெளிர்பச்சைத் தூள் பூத்தால் அதைச் சாதாரணக் களிம்பு என்று விட்டுவிடக்கூடாது. களிம்பு இறுகிப் பிடித்திருக்கும், விரலால் தொட்டால் வராது. தூளாக உதிர்ந்து, துடைத்த இடத்தில் மறுபடி பூத்தால் குளோரைடு உள்ளே வேலை செய்கிறது. நுண்துளைகளில் தங்கிய நிறமேற்றும் இரசாயனமும், வெளியே எடுக்காமல் விட்ட உட்கருவின் ஈரமும் உப்பும் இதை வளர்க்கும். தூளைச் சுரண்டி எடுத்து, வாலை வடிநீரில் பலமுறை ஊறவைத்துக் கழுவி, முழுமையாக உலர்த்தி, அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோல் கரைசல் பூசி மெழுகால் மூடுங்கள். உள்ளே கரு மிச்சமிருந்தால் பாதத்தின் அடியில் துளையிட்டுக் கடைசித் துண்டுவரை வெளியேற்றுங்கள். அப்போது முகமூடி அணியவேண்டும், கருவில் இருப்பது சிலிக்கா தூள். அந்தத் துளையை மூடவேண்டாம், உள்ளே சேரும் ஈரம் வடிய அது திறந்தே இருக்கட்டும்.